சாரி: மன்னிப்பா, வருத்தமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தந்தை இறந்த வாரத்தில், எனக்குப் பழக்கமான ஓர் ஆங்கிலேய ஆசிரியையிடமிருந்து ஓர் அட்டை வந்தது. அதில் ‘ஐ ஆம் சோ சாரி’ என்று எழுதியிருந்தார். பத்தாம் வகுப்பு படிக்கும் என் தம்பி மகன் அதை அத்தைக்குப் படித்துக் காட்டி, “ரொம்ப மன்னிப்புக் கேட்டிருக்கிறார்” என்று பொருள் சொன்னான். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “அந்த அம்மா நமக்கு என்ன கெடுதல் செய்தார், எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்?”

அத்தை கேட்டது நியாயமான கேள்வி. பையன் சொன்ன பொருளில்தான் பிழை. வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு வேலைக்குச் செல்லும் செவிலியர்களுக்கு நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். அதே பிழை ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பிலும் வருகிறது. அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சாரி என்றால் மன்னிப்பு என்றுதானே படித்தோம்?

படித்தது அரைப் பொருள். சாரி என்பது ஒரு பெயரடை. சொல்பவரின் மனம் எப்படி இருக்கிறது என்பதை அது தெரிவிக்கிறது. ‘ஐ ஆம் சாரி’ என்றால், நேர்ப்பொருளில், ‘நான் வருந்தும் நிலையில் இருக்கிறேன்’ என்று ஆகும். வருத்தம் எதனால் வந்தது என்பது சூழலைப் பொறுத்தது. நான் உங்கள் காலை மிதித்துவிட்டதால் வந்த வருத்தம் என்றால் அது மன்னிப்புக் கோருதலாகக் கேட்கும். உங்கள் வீட்டில் ஒருவர் இறந்ததால் வந்த வருத்தம் என்றால் இரங்கலாகக் கேட்கும். நீங்கள் கேட்ட கடனைத் தர முடியாததால் என்றால் மறுப்பாகக் கேட்கும். சொல் ஒன்றுதான்.

தமிழில் நாம் ‘மன்னியுங்கள்’ என்கிறோம். அது எதிரே இருப்பவரை நோக்கிய வினை. அவர் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று வேண்டுகிறோம். சாரியில் அந்த வேண்டுதலே கிடையாது. என் உள்ளம் நோகிறது என்று சொல்வதோடு அது நின்றுவிடுகிறது. பொறுத்துக்கொள்வதும் கொள்ளாததும் கேட்பவர் விருப்பம். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே விடை சொல்லிவிடுவீர்கள்.

சொல்லின் பிறப்பும் இதையே காட்டுகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ஸாரிக்’ என்றொரு சொல் இருந்தது. துயருற்ற, நொந்த என்று பொருள். அதற்கு வேர் ‘ஸார்’, அதாவது புண், வலி. இன்றைய ஆங்கிலத்தில் புண்ணையும் வலியையும் குறிக்கும் ‘ஸோர்’ அந்த வேரிலிருந்து வந்ததுதான். தொண்டை வலியை ‘ஸோர் த்ரோட்’ என்கிறார்களே, அந்த ஸோர். ஆக, சாரி என்பது புண்பட்ட மனத்தைச் சொல்லப் பிறந்த சொல். ‘மனம் புண்பட்டது’ என்று நாமும் சொல்கிறோம். இரண்டு மொழிகளும் தனித்தனியே ஒரே உருவகத்துக்கு வந்து சேர்ந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

துயரம் என்று பொருள்படும் ‘சாரோ’ என்ற சொல்லிலிருந்து வந்ததுதானே சாரி?

அப்படித்தான் தோன்றும், ஆனால் பிறப்பால் இரண்டும் வேறு. சாரோவின் பழைய வடிவம் ‘ஸோர்க்’. ஜெர்மன் மொழியில் கவலையைக் குறிக்கும் ‘ஸோர்கெ’ அதன் உறவு. நீண்ட காலம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்ததால் சாரோவின் ஒலி சாரியின் ஒலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்று சொல்வரலாற்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். இரத்த உறவு இல்லாத இருவர் ஒரே வீட்டில் வளர்ந்து முகம் ஒத்துப்போவதைப் போல.

ஒருவர் இறந்த செய்தி கேட்டதும் ‘சாரி’ என்பது சரியா? நமக்கு ஒருவர் அப்படிச் சொன்னால் என்ன பதில்?

மிகச் சரி. ‘ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்பது ஆங்கிலத்தில் துக்கம் விசாரிக்கும் வாக்கியம். ‘ஐ ஆம் சாரி டு ஹியர் தட்’ என்பதும் பொருந்தும். பிந்தையது வேலை போனது, உடல்நலமில்லை போன்ற சிறிய பெரிய எல்லா வருத்தச் செய்திகளுக்கும் பயன்படும். நெருங்கியவரின் மரணத்துக்கு முந்தையதே கனமானது.

பதிலாக ‘இட்ஸ் ஓகே’ என்றோ ‘நோ ப்ராப்ளம்’ என்றோ சொல்லிவிடாதீர்கள். என் வகுப்புகளில் இது மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. மன்னிப்புக் கேட்டதாக நினைத்து, பரவாயில்லை என்று பதில் சொல்லிவிடுகிறார்கள். இரங்கலுக்கு ‘தேங்க் யூ’ போதும்.

துக்க வீட்டில் நாம் பெரும்பாலும் எதுவும் பேசுவதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறோம். அட்டையிலும் தொலைபேசியிலும் கையைப் பிடிக்க முடியாது. அந்தக் கையின் வேலையைத்தான் இந்தச் சிறிய சொல் செய்கிறது.

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் ஆங்கிலத்தில் இந்தப் பொருள் இன்னும் அழுத்தமாக நிலைத்திருக்கிறது. இறப்பு, அதையொட்டிய சடங்குகள், துக்கம் காக்கும் நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்து அவர்கள் ‘சாரி பிசினஸ்’ என்கிறார்கள். ஒருவர் சாரி பிசினஸுக்காக ஊருக்குப் போயிருக்கிறார் என்றால், இழவுக்குப் போயிருக்கிறார் என்று பொருள்.

‘அவன் என்னிடம் சாரி கேட்டான்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

‘ஹி ஆஸ்க்டு சாரி’ என்று சொல்லாதீர்கள். தமிழர்களின் ஆங்கிலத்தில் நான் மிக அதிகமாகத் திருத்தும் வாக்கியம் இதுதான். தமிழில் மன்னிப்பைக் கேட்கிறோம், அதனால் சாரியையும் கேட்கிறோம். ஆங்கிலத்தில் சாரி கேட்கப்படும் பொருள் அன்று, சொல்லப்படும் சொல். ‘ஹி செட் சாரி’ அல்லது ‘ஹி அபாலஜைஸ்டு டு மீ’ என்பதே சரி. ‘டெல் சாரி’ என்பதும் பிழை, ‘ஸே சாரி’ என்க. கேட்டே ஆக வேண்டுமென்றால் கேட்கப்படுவது ‘ஃபர்கிவ்னெஸ்’. அது கனத்த சொல். வீட்டுக்குத் தாமதமாக வந்ததற்கெல்லாம் அதை எடுக்க மாட்டார்கள்.

‘ஐ சாரி’ என்றால் புரியாதா?

புரியும். ஆனாலும் பிழைதான். சாரி வினைச்சொல்லாக இல்லாததால் ‘ஆம்’ தேவை. ‘நான் பசி’ என்று யாரும் சொல்வதில்லையே. முழு வாக்கியம் வேண்டாமென்றால் வெறும் ‘சாரி’ போதும். அப்படித் தனியே சொல்லும் வழக்கமே 19ஆம் நூற்றாண்டில்தான் பதிவாகிறது.

பின்னால் எப்போது ‘ஃபார்’, எப்போது ‘அபவுட்’, எப்போது ‘டு’?

இலக்கண நூல்கள் இதை அட்டவணையாகத் தருகின்றன. மாணவிகள் அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டுப் பேசும்போது மறந்துவிடுகிறார்கள். எனவே நான் காலத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இதோ இப்போது செய்யப் போகிறேன், அல்லது செய்துகொண்டிருக்கிறேன் என்றால் ‘டு’. நோயாளியை எழுப்பப் போகிறீர்கள்: ‘சாரி டு வேக் யூ’. மருத்துவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிடுகிறீர்கள்: ‘சாரி டு இன்டரப்ட்’. செய்து முடித்துவிட்டேன் என்றால் ‘ஃபார்’, அதை அடுத்து ‘இங்’ சேர்ந்த வடிவம்: ‘சாரி ஃபார் வேக்கிங் யூ லாஸ்ட் நைட்’. நேற்று இரவு எழுப்பியதற்கு ‘சாரி டு வேக் யூ’ என்றால் கேட்பவர் குழம்புவார். அல்லது ‘சாரி ஐ வோக் யூ’ என்று நேராகச் சொல்லிவிடலாம். பேச்சில் இதுவே எளிது.

‘அபவுட்’ என்பது ஒரு நிலைமையைச் சுட்டும். ‘சாரி அபவுட் தி நாய்ஸ்’ என்றால் இந்தச் சத்தத்தைப் பற்றி வருத்தம், சத்தம் போட்டது நானாக இருக்க வேண்டியதில்லை. நோயாளி அறைக்குப் பக்கத்தில் சுவரை இடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் செவிலி சொல்ல வேண்டியது இதைத்தான். பெயர்ச்சொல்லுக்கு முன் ஃபாரும் அபவுட்டும் பல இடங்களில் மாறி வரும். அங்கெல்லாம் கவலைப்பட வேண்டாம்.

அளவைச் சொல்ல ‘வெரி’, ‘சோ’, ‘ரியலி’, ‘டெர்ரிப்லி’ எல்லாம் வரும். ‘மச் சாரி’ வராது.

‘ஃபீல் சாரி ஃபார் ஹிம்’ என்றால் அவனிடம் மன்னிப்புக் கேட்பதா?

இல்லை, அவன்மேல் இரக்கப்படுவது. ஃபாருக்குப் பின் ஓர் ஆள் வந்தால் பெரும்பாலும் இரக்கம், ஒரு செயல் வந்தால் மன்னிப்பு. நோயாளியின் முகத்துக்கு நேராக ‘ஐ ஃபீல் சாரி ஃபார் யூ’ என்று சொல்லாதிருப்பது நல்லது. பரிதாபப்படுகிறேன் என்று மேலிருந்து பார்ப்பதுபோல் ஒலிக்கும். அந்த இடத்தில் ‘ஐ ஆம் சாரி யூ ஆர் இன் பெயின்’ என்றால் கனிவு மட்டுமே கேட்கும்.

தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவர் திடீரென்று ‘சாரி?’ என்கிறார். எதற்கு?

நீங்கள் சொன்னது காதில் விழவில்லை. கடைசியில் குரல் மேலே ஏறினால் அது ‘என்ன சொன்னீர்கள்?’ என்னும் கேள்வி. திரும்பச் சொன்னால் போதும். ‘பார்டன்?’ என்பதும் இதற்கே. வெறும் ‘வாட்?’ முரட்டுத்தனமாக இருக்கும்.

‘எக்ஸ்க்யூஸ் மீ’ எங்கே? அமெரிக்காவில் வழி கேட்கவும் கவனத்தை ஈர்க்கவும் அது முன்னால் வரும், இடித்துவிட்ட பின்னும் வரும். பிரிட்டனில் வழி விடச் சொல்வதற்கே ‘சாரி’ என்பார்கள். அவர்கள் காலை நீங்கள் மிதித்தால்கூட அவர்கள் வாயிலிருந்து சாரி வரும். அங்கே போன புதிதில் என் மாணவிகள் இதைக் கண்டு திகைக்கிறார்கள். தவறை ஏற்றுக்கொள்வதாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்களும் ஒரு சாரி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

‘எ சாரி ஸ்டேட்’ என்று செய்தித்தாளில் படித்தேன்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நேரடியாக ஒட்டி நின்றால் சாரிக்குப் பொருள் வேறு: பரிதாபமான, கேவலமான. கூரை ஒழுகும் பள்ளிக்கூடம் ‘இன் எ சாரி ஸ்டேட்’. ‘எ சாரி எக்ஸ்க்யூஸ்’ என்றால் நம்பவே முடியாத சப்பைக்கட்டு. எனவே வருந்தும் மனிதரை ‘எ சாரி மேன்’ என்று சொல்லிவிடாதீர்கள். உருப்படாத ஆள் என்று ஆகிவிடும்.

சாரி, ரிக்ரெட், அபாலஜைஸ் மூன்றும் ஒன்றா?

வீட்டில் ஒன்றுபோலத் தோன்றலாம். அரசுகள் பேசும்போது இவற்றுக்கிடையே மலையளவு இடைவெளி. ‘ரிக்ரெட்’ என்பது அப்படி நடந்திருக்க வேண்டாம் என்று வருந்துவது. யார் செய்தார் என்பது அதில் இல்லை. ‘அபாலஜைஸ்’ என்பது என் தவறு என்று ஏற்பது. கிரேக்கத்தில் இந்தச் சொல்லுக்குத் தன் தரப்பை எடுத்துரைத்தல் என்றுதான் பொருள். சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய ‘அபாலஜி’யில் மன்னிப்பே கிடையாது, முழுக்கத் தற்காப்பு வாதம். காலப்போக்கில் பொருள் ஏறக்குறைய தலைகீழாகிவிட்டது. சாரியோ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, இரண்டு பக்கமும் சாயும்.

அந்தச் சாய்வு ஒரு முறை 24 பேரை ஊர் திரும்ப வைத்தது. 2001 ஏப்ரல் 1 அன்று தென்சீனக் கடலுக்கு மேலே அமெரிக்க வேவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் இறந்தார். சேதமடைந்த அமெரிக்க விமானம் அனுமதியில்லாமல் ஹைனான் தீவில் இறங்கியது. அதிலிருந்த 24 பேரையும் சீனா பிடித்து வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னது. தங்கள் மேல் தவறில்லை, மன்னிப்புக் கிடையாது என்றது அமெரிக்கா. ஏப்ரல் 11 அன்று அமெரிக்கத் தூதர் ஒரு கடிதம் கொடுத்தார். விமானியின் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்புக்கு ‘வெரி சாரி’, வாய்மொழி அனுமதி இல்லாமல் தரையிறங்கியதற்கு ‘வெரி சாரி’. வருத்தம்தான் தெரிவித்தோம் என்று அமெரிக்கா தன் மக்களிடம் சொன்னது. மன்னிப்புக் கேட்டார்கள் என்று சீன ஊடகங்கள் எழுதின. ஒரே சொல்லை இரு பக்கமும் தத்தமக்கு வேண்டியபடி படித்துக்கொண்டன. பிடிபட்டிருந்தவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு வரலாறு உண்டு. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தார்கள். பல பத்தாண்டுகள் நடந்த இந்தக் கொடுமையை 1997இல் வெளியான அரசு விசாரணை அறிக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு முதல் மே 26ஐ ‘சாரி நாள்’ என்று மக்கள் கடைப்பிடிக்கத் தொடங்கினார்கள். அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்ட் 1999இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தில் ‘ஆழ்ந்த, உண்மையான ரிக்ரெட்’ இருந்தது, சாரி இல்லை. 2000 மே மாதம் சிட்னி துறைமுகப் பாலத்தில் இலட்சக்கணக்கானோர் நடந்தபோது, ஒரு விமானம் வானத்தில் புகையால் அந்தச் சொல்லை எழுதிச் சென்றது. 2008 பிப்ரவரி 13 அன்று புதிய பிரதமர் கெவின் ரட் அதே நாடாளுமன்றத்தில் எழுந்து, ‘வீ ஸே சாரி’ என்றார். மூன்று முறை சொன்னார். பறிகொடுத்தவர்கள் மாடத்தில் உட்கார்ந்து அழுதார்கள். இந்தச் சொல் வெறும் மரியாதைச் சொல் என்று என்னிடம் யாராவது சொன்னால் நான் இந்த நாளைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு நூறாண்டு நிறைந்த 2019 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே சொன்னது ‘வீ டீப்லி ரிக்ரெட்’. அபாலஜியும் வரவில்லை, சாரியும் வரவில்லை. இந்தியாவில் பலர் ஏன் நிறைவடையவில்லை என்பது இப்போது விளங்கும்.

‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் சாரி’ என்பது மன்னிப்பா?

என் கணக்கில் இல்லை. ‘இருந்தால்’ என்ற சொல் எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. புண்பட்டது உறுதியில்லை, பட்டிருந்தாலும் அது உங்கள் மனத்தின் பலவீனம் என்று அது சொல்கிறது. ஆங்கிலத்தில் ‘சாரி இஃப்’ என்று தொடங்குவதும் இதே வகை. ‘சாரி யூ ஃபீல் தட் வே’ என்பது இன்னும் மோசம். தான் செய்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், மற்றவர் உணர்வதற்காக வருந்துகிறது. நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘இஃப்’ஐ எடுத்துவிட்டுச் செய்ததைச் சொல்லுங்கள்: ‘ஐ ஆம் சாரி ஐ ஷவுட்டட் அட் யூ’.

மருத்துவமனையில் சாரி சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?

இந்தக் கேள்வியைப் பயத்தோடுதான் கேட்கிறார்கள். வாய் திறக்காதே என்று மூத்தவர்கள் சொல்லி அனுப்பியிருப்பார்கள். இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று தெளிவாகச் சொல்கிறது. மேலும், சிகிச்சையில் நோயாளிக்குக் கடுமையான தீங்கு நேர்ந்தால் நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவிப்பது 2014 முதல் மருத்துவமனையின் சட்டக் கடமை. கனடாவின் ஒன்டாரியோவில் 2009இல் மன்னிப்புச் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986லேயே இதற்கு வழி திறந்தது. ஆனால் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். சில இடங்களில் இரக்கச் சொற்களுக்கு மட்டுமே பாதுகாப்பு, தவறை ஏற்கும் சொற்களுக்கு இல்லை. பணியில் சேர்ந்ததும் உங்கள் மருத்துவமனையின் நடைமுறையைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

பிள்ளையை இழந்த தாயின் முன்னால் ‘ஐ ஆம் சோ சாரி’ என்று சொல்ல எந்தச் சட்டத்தையும் புரட்ட வேண்டியதில்லை. சொல்லுங்கள்.

தமிழில் சாரிக்கு எந்தச் சொல்லை எழுதுவது?

ஒரே சொல்லைத் தேடாதீர்கள். தவறுக்கு ‘மன்னியுங்கள்’ அல்லது ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’. பொறுத்தல் நம் பழைய சொல், திருக்குறளில் பொறையுடைமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. மரணத்துக்கு ‘ஆழ்ந்த இரங்கல்’. செய்தி கேட்டதற்கு ‘கேட்டு வருந்துகிறேன்’. மறுப்புக்கு ‘இயலாமைக்கு வருந்துகிறேன்’. காதில் விழாததற்கு ‘என்ன சொன்னீர்கள்?’.

தூர்தர்ஷன் காலத்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஒளிபரப்பு நின்றுபோனால் திரையில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று வரும். சாரியின் நேர்ப்பொருள் அதில் அப்படியே இருந்தது. பெயர் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளர் ‘மன்னியுங்கள்’ என்று எழுதாமல் ‘வருந்துகிறோம்’ என்று எழுதினாரே, அதற்காக அவரை நான் மெச்சுகிறேன்.

உச்சரிப்பு எப்படி?

பிரிட்டனில் முதல் உயிர் குறுகிய ‘ஒ’வுக்குப் பக்கத்தில் இருக்கும், ஏறக்குறைய ‘சொரி’. அமெரிக்காவில் ‘சாரி’. அங்கே சேலையைக் குறிக்கும் ‘சாரி’யும் இதுவும் ஒரே ஒலி. கனடாவில் ‘சோரி’. டொரன்டோவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் வாயிலும் இந்த ‘சோரி’யைக் கேட்கலாம். எழுத்தில் இரண்டு ‘ஆர்’ இருந்தாலும் ஒலி ஒன்றுதான், அழுத்தி ‘ற’ ஆக்க வேண்டாம்.

ஒருவர் சாரி என்றதும் நான் இன்னும் மன்னிக்கத் தயாராக இல்லை. என்ன பதில் சொல்வது?

சிறிய தவறு என்றால் ‘தட்ஸ் ஆல் ரைட்’, ‘டோன்ட் வொரி’ என்று முடித்துவிடலாம். பெரிய காயம் என்றால் அப்படிச் சொல்லக் கட்டாயமில்லை. அவர் தன் மனநிலையைச் சொன்னார், அவ்வளவுதான். மன்னிப்பை உங்களிடம் கேட்கவில்லை. ‘தேங்க் யூ ஃபார் சேயிங் தட்’ என்று சொல்லுங்கள். சொன்னதற்கு நன்றி. மீதியை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.